பண்டை எகிப்தின் மையரைகற்கள்

நைல் ஆற்றங்கரையில் மன்னராட்சி தோன்றுவதற்கு முன் வாழ்ந்த மக்கள் எழுத்தறியாதவர். அவர்தம் வாழ்வையும் எண்ணத்தையும் நமக்கு உணர்த்துவன பெரும்பாலும் அவர்களுடைய புதைகுழிகளே. மேல் எகிப்து எனப்படும் தென்பகுதியில் ஏறத்தாழக் கி.மு. 4400 முதல் கி.மு. 3000 வரை அமைந்த குழிகளை அகழ்ந்தோர், மட்கலங்களோடும் மணிகளோடும் ஒரு கற்பலகையையும் மீண்டும் மீண்டும் கண்டனர். உள்ளங்கையில் அடங்குவனவும் அவற்றுள் உண்டு. ஒரு முழத்தை எட்டுவனவும் உண்டு. மெல்லிதாக இழைக்கப்பட்டு, முகம் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட இப்பலகை கண்ணுக்கு இடும் மையை அரைப்பதற்குரியது. ஒப்பனைப் பொருள்கள் என்னும் தலைப்பின்கீழ்ச் சீப்பு, வளையல், ஊசி ஆகியவற்றோடு இதனையும் சேர்த்து எண்ணிவிட்டு மேற்செல்வது வரலாற்று நூலார் பலர்தம் வழக்கம். எகிப்திய அரசு தோன்றிய வகையை அறிதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது என்பது எம் கருத்து. இல்லத்திலே பலர் கையிலும் இருந்த ஒரு கருவி எவ்வாறு கோயிலை அடைந்து அரசனது வெற்றியைப் பொறிக்கும் பரப்பாயிற்று என்பதும், அதன்பின் எவ்வாறு மக்கள் கையினின்று அகன்றது என்பதும் ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் பெயரைத் தெளிவு செய்தல் வேண்டும். மேலைநாட்டார் இதற்கு ஓவியர் வண்ணம் குழைக்கும் தட்டின் பெயரை இட்டு வழங்குவர். அதனை மொழிபெயர்த்து 'வண்ணத்தட்டு' என்போமாயின் குழைத்தல் தோன்றுமேயன்றி அரைத்தல் தோன்றாது. ஆதலின் 'மையரைகல்' என்னும் சொல்லை இக்கட்டுரையில் ஆள்கிறோம். கீழே கிடக்கும் கல்லும் மேலே இயங்கும் குழவியும் சேர்ந்ததே அரைகல் என்பது நாம் அறிந்தது. எகிப்தியர் கல்லுக்கும் குழவி உண்டு. கைக்குள் அடங்கும் பழுப்பு நிறக் கூழாங்கல் அது. பலகையும், கூழாங்கல்லும், தோற்பையில் இட்ட பச்சைக் கற்றுண்டுகளும் ஒருங்கே கிடைத்த புதைகுழிகளும் உள்ளன.

கல்லின் பெயரிலும் ஒரு மயக்கம் நெடுநாள் நிலவியது. பிளிண்டர்ஸ் பெட்ரி முதலியோர் இதனைப் பலகைக்கல் என்றே எழுதினர். பெட்ரி மறைந்தபின் 1953இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பிலும் அப்பெயரே காணப்படுகிறது. பள்ளிச் சிறார் எழுதும் பலகைக்குரிய அக்கல் ஏடு ஏடாகப் பிளவுபடும் இயல்பினது. மையரைகல்லுக்குரிய கல்லோ அவ்வாறு பிளவுபடுவதில்லை. வண்டலும் நுண்மணலும் இறுகித் தோன்றிய படிவுப்பாறை அது. நிலநூலார் அதனைக் கிரேவாக் என்றும் வண்டற்கல் என்றும் வழங்குவர். நுண்ணிய இழைவும் மிக்க உறுதியும் உடையதாதலின், மீனின் துடுப்பையும் பறவையின் அலகையும் முறியாமல் செதுக்குதற்கு இடந்தரும். நிறம் சாம்பல் கலந்த கரும்பச்சை.

இக்கல் கிடைக்கும் இடம் நைல் கரையன்று. கிழக்குப் பாலைநிலத்தில், ஆற்றங்கரையிலுள்ள கிப்து என்னும் ஊர்க்கும் செங்கடற்கரையிலுள்ள குசைர் என்னும் துறைக்கும் இடையே செல்லும் வறண்ட பள்ளத்தாக்கு ஒன்று உளது. அதனை வாதி ஹம்மாமாத் என்பர். பிற்காலத்து மன்னர் அக்கல்லைப் 'பெகென்' என்று வழங்கி, அதன்பொருட்டு அங்குப் பெரும்படையென ஆட்களை விடுத்தனர். கி.மு. 1150ஐ ஒட்டி நான்காம் இராமெசேசு காலத்தில் பாப்பிரசுத் தாளில் எழுதப்பெற்ற அப்பள்ளத்தாக்கின் நிலப்படம் இன்றும் இத்தாலியிலுள்ள தூரின் நகரத்துக் காட்சிச்சாலையில் இருக்கிறது. அரசும் படையும் இல்லாத காலத்திலேயே இக்கல் அங்கிருந்து ஊர்தோறும் சென்றதென்பது எண்ணிப் பார்க்கற்பாலது. நைலின் இரு மருங்கும் சுண்ணக்கல் மலிந்து கிடக்கிறது. மையரைத்தற்கு அதுவே போதும். எனினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மேல் எகிப்தியர் பாலைநிலத்துக் கரும்பச்சைக் கல்லையே விரும்பிக் கொண்டனர். வடக்கே இன்றைய கெய்ரோவை அடுத்த மாஆதி என்னும் ஊரில் வாழ்ந்தோர்க்கும் இக்கற்கள் தெற்கிலிருந்து வந்தன. தெற்கே நூபியாவில் வாழ்ந்தோர் மட்டும் தம் நாட்டு வெண்படிகக் கல்லால் தமக்கேற்ற பலகைகளை ஆக்கிக்கொண்டனர்.

இப்பாலைவழியின் கடல்முனையாகிய குசைர் அல் கதீமில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தமை நம் கல்வெட்டறிஞர் நன்கறிந்த செய்தி. அதனைக் கொண்டு மையரைகற்களையும் தமிழகத்தோடு தொடர்புபடுத்த ஒருவர் விழையக்கூடும். அவ்வோடுகளுக்கும் இக்கற்களுக்கும் இடையே 3000 ஆண்டு உள்ளது. கண்ணுக்கு மை தீட்டும் வழக்கமோ வெயிலும் புழுதியும் மிக்க எந்நாட்டிலும் தனித்தே தோன்றக்கூடியது. ஆதலின் அவ்வழியிற் செல்லாது விடுவதே முறை.

இனி, அரைக்கப்பட்ட பொருளை நோக்குவோம். இருவகை மை எகிப்தியர்க்கு உண்டு. ஒன்று பச்சை, செம்பின் கனிப்பொருளாகிய மாலகைட் என்னும் பச்சைக்கல்லின் பொடி அது. சினாய் நிலப்பகுதியிலும் கிழக்குப் பாலைநிலத்திலும் அது கிடைக்கும். மற்றொன்று கருமை, ஈயமும் கந்தகமும் கூடிய கலீனா என்னும் கல்லின் பொடி. காவிக்கல்லையும் இப்பலகையில் அரைத்தனர். எனினும் மன்னர்க்கு முற்பட்ட காலத்துக் கற்களில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பச்சையே. பொடியை நீரிலோ பிசினிலோ கொழுப்பிலோ குழைத்துக் கண்ணைச் சுற்றிலும் இட்டனர்.

மையிட்டதன் நோக்கம் யாது என்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. வெயிலின் கூசொளியைத் தணிக்கும் என்பர் சிலர். ஈயையும் கண்ணோயையும் தடுக்கும் என்பர் சிலர். கி.மு. 1550ஐ ஒட்டிய ஏபெர்ஸ் மருத்துவச் சுவடியில் கண்ணோய்க்கு மைப்பொருள்கள் விதிக்கப்படுகின்றன. பாரிசு நகரத்து லூவர் காட்சிச்சாலையிலுள்ள மைச்சிமிழ்களின் பொடியைப் பிரெஞ்சு வேதியியலார் ஆராய்ந்து, இயற்கையில் எளிதிற் கிடைக்காத ஈய உப்புகள் இரண்டு அவற்றுள் இருத்தலையும், அவை நீரில் ஊறவைத்துச் செயற்கையாக ஆக்கப்பட்டமையையும் 1999இல் வெளியிட்டனர். அவ்வுப்புகள் மிகச் சிறிய அளவில் உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டக்கூடும் என 2010இல் மற்றோர் ஆய்வு கூறியது. வியத்தகு செய்தியே எனினும், அச்சிமிழ்கள் கி.மு. 2000க்குப் பிற்பட்டவை, அவற்றின் மை கருமை. ஈராயிரம் ஆண்டு முற்பட்ட பச்சை மைக்கு அதனைச் சான்றாக்குதல் பொருந்தாது.

பச்சை மையைப் பற்றி மொழி நமக்குச் சிறிது உதவுகிறது. பிற்கால எகிப்திய மொழியில் பச்சை மைக்குரிய சொல் 'வாஜ்' என்னும் அடியிற் பிறந்தது. அவ்வடிக்குப் பசுமை, புதுமை, தழைத்தல், நலம்பெறுதல் என்னும் பொருள்கள் உண்டு. நீர்க்கரையில் தழைக்கும் பாப்பிரசுக் கோரைக்கும் அதுவே பெயர். பசுமை என்னும் நம் சொல்லும் நிறத்தையும் இளமையையும் ஒருங்கே உணர்த்துதலை நோக்குவார்க்கு இப்பொருள் விரிவு எளிதில் விளங்கும். பயிரை நம்பி வாழும் மக்கள் பலரிடத்தும் காணப்படும் பொதுவியல்பு இது. இன உறவைக் காட்டுவது அன்று. பழைய அரசுக் காலத்துப் பிரமிடுகளின் உட்சுவரில் வெட்டப்பட்ட மந்திரங்களில், இறந்த மன்னனுக்குப் பச்சை மையும் கரிய மையும் படைக்கப்படுகின்றன. படைக்கப்படும் பொருள் ஹோரஸ் என்னும் தெய்வத்தின் ஊறுநீங்கிய கண்ணோடு ஒன்றாகக் கூறப்படுகிறது. பின்னையோர் நம்பிக்கையை முன்னையோர் மேல் அப்படியே ஏற்றுதல் தகாது. ஆயினும், பச்சை மையை இறந்தார்க்கு உடன்வைக்கும் செயல் அம்மந்திரங்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே புதைகுழிகளில் நிகழ்ந்துள்ளது. சொல் பிந்தியது, செயல் முந்தியது. அழகு செய்தல் மட்டுமே நோக்கமாயின், இறந்தவன் முகத்தருகே அரைகல்லையும் மைக்கல்லையும் வைத்து மண்மூட வேண்டுவதில்லை.

காலத்தால் முற்பட்டவை பதாரி என்னும் இடத்துக் கற்கள். 1920ஆம் ஆண்டுகளில் கை பிரண்டனும் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் அவற்றை வெளிக்கொணர்ந்து 1928இல் நூலாக்கினர். நீண்ட செவ்வக வடிவமும், இரு முனைகளிலும் சிறு வெட்டும் உடைய எளிய பலகைகள் அவை. கி.மு. 4000ஐ ஒட்டித் தொடங்கும் முதலாம் நகாதாக் காலத்தில் சாய்சதுர வடிவம் பெருகியது. அக்காலத்திலேயே விலங்கு வடிவங்களும் தோன்றின. மீன், ஆமை, நீர்யானை, யானை, பறவை ஆகியவற்றின் புறவடிவமாகப் பலகையின் விளிம்பு வெட்டப்பட்டது. இரண்டாம் நகாதாக் காலத்தில் மீனும் பறவையும் மிக்கன. கேடயம் போன்ற பலகையின் மேல்முனையில் இரு பறவைத் தலைகள் எதிரெதிராக நோக்கி நிற்கும் வடிவமும் வந்தது. மூன்றாம் நகாதாக் காலத்தின் இறுதியில் விலங்குகள் மறைந்து, விளிம்பைச் சுற்றிச் சில கோடுகள் மட்டும் கீறிய செவ்வகப் பலகை எஞ்சியது.

இவ்வரிசை நமக்குக் கிடைத்த வகை அறியத்தக்கது. 1894–95ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பெட்ரியும் குவிபெல்லும் நகாதாவில் 2000க்கு மேற்பட்ட குழிகளை அகழ்ந்தனர். அவை எகிப்துக்குப் புதிதாக வந்தேறிய ஓரினத்தாருடையவை என்றும், பழைய அரசு வீழ்ந்தபின் தோன்றியவை என்றும் பெட்ரி முதலில் கொண்டார். ஜாக் தெ மார்கன் அவை மன்னர்க்கு முற்பட்டன என நிறுவியபின் பெட்ரியும் உடன்பட்டார். எழுத்தும் இல்லை, நாணயமும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மண்ணடுக்கும் இல்லை. இந்நிலையில், 900 குழிகளின் பொருள்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, வடிவ ஒப்புமை மிக்கவை அருகருகே அமையும்வரை அச்சீட்டுகளை மாற்றி மாற்றி வைத்து, 30 முதல் 80 வரையுள்ள வரிசையெண்களை அவர் வகுத்தார். இனிக் கிடைக்கக்கூடும் முற்பட்ட பொருள்களுக்காக 30க்குக் கீழ்ப்பட்ட எண்களை விட்டுவைத்தது அவருடைய முன்னோக்குக்குச் சான்று. பதாரிக் கற்கள் பின்னர் அங்கேயே இடம்பெற்றன. மட்கலத்தையே முதன்மையாகக் கொண்ட இம்முறையில் மையரைகல்லும் துணைசெய்தது. 1921இல் அவர் வெளியிட்ட வடிவத்தொகுதியில் மட்கலமும் மையரைகல்லும் ஒரே நூலில் அமைந்தன. 1957இல் வெர்னர் கைசர் இவ்வரிசையைப் பெரிதும் திருத்தினார். அத்திருத்தங்களின் பின்னும் மையரைகல் வடிவங்களின் பொதுவரிசை நிலைபெற்றுள்ளது.

விலங்கு வடிவங்களின் பொருள் குறித்து மிகப்பல எழுதப்பட்டுள்ளன. மீன் வடிவங்களுள் பல 'திலாப்பியா' என்னும் இனத்தைச் சார்ந்தவை. நைலில் வாழும் இம்மீன் முட்டைகளை வாயிற்கொண்டு காத்துக் குஞ்சுகளை வாயினின்று வெளியிடும். அது பற்றிப் பிற்கால எகிப்தியர் அதனை மறுபிறப்பின் குறியாகக் கொண்டனர். அப்பொருள் இங்கும் பொருந்தக்கூடும். ஆனால் இதே முறையை ஆமைக்குக் கொண்டால் இடர்ப்படுவோம். பிற்காலத்தில் ஆமை கதிரவனுக்குப் பகையாகக் கருதப்பட்டது. இறந்தாருடன் பகைப்பொருளை வைத்தனர் என்பதா? எல்லா விலங்கையும் ஒரே திறவுகோலால் திறக்க முயல்வதினும், கல்லில் கண்கூடாகத் தெரிவதை நோக்குதல் நன்று. பல பலகைகளில் விலங்கின் கண் துளைக்கப்பட்டு, அதனுள் சிப்பியோ எலும்போ வட்டமாகப் பதிக்கப்பட்டுள்ளது. கண்ணுக்கு மையரைக்கும் பொருளுக்கே கண் வைத்துள்ளனர். தொங்கவிடுதற்குத் துளையிட்டனவும் உண்டு. நடுவே அரைத்துத் தேய்ந்த குழி உடையன பல. தேய்வே இல்லாதனவும், அரைத்தற்கு இயலாத சிற்றளவினவும் சில. தேய்ந்த கல் இறந்தவர் வாழ்நாளிற் பயன்படுத்தியது எனவும், தேயாத கல் அடக்கத்துக்கென்றே ஆக்கியது எனவும் கொள்ளலாம். ஆடவர், மகளிர், சிறார் ஆகிய மூவர் குழிகளிலும் இவை கிடைத்திருத்தலின், மகளிர் ஒப்பனைக்குரியன என்னும் பொதுக்கருத்து பொருந்தாது.

அம்ரா என்னும் இடத்துக் குழியொன்றிற் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் காட்சிச்சாலையில் உள்ள கல்லில், மின் என்னும் தெய்வத்தின் குறி மேற்பரப்பிலேயே புடைத்து நிற்கிறது. மின், கிப்து நகரின் தெய்வம். கல் வந்த பாலைவழிக்குக் காவலாகப் பின்னோர் வழிபட்டதும் அத்தெய்வத்தையே. கெர்ஸே என்னும் இடத்துக் கல்லில் விண்மீன்கள் சூழ்ந்த ஆவின் தலை உள்ளது. இவை சிறு பொருள்கள். ஆயினும் இவற்றில் நிகழ்ந்த மாற்றம் பெரிது. அதுகாறும் உருவம் விளிம்பில் இருந்தது. பரப்பு முழுதும் தொழிலுக்கு உரியதாக இருந்தது. இப்போது உருவம் பரப்பின்மேல் ஏறத் தொடங்கிவிட்டது.

கி.மு. 3200ஐ அடுத்து இம்மாற்றம் விரைந்து நடந்தது. வேட்டுவர் கல், போர்க்களக் கல், இருநாய்க் கல் என ஆய்வாளர் பெயரிட்ட பெரும்பலகைகள் அக்காலத்தவை. வேட்டுவர் கல்லின் துண்டுகள் பிரிட்டிஷ் காட்சிச்சாலையிலும் லூவரிலும் பிரிந்து கிடக்கின்றன. இறகு சூடிய வேடர் அரிமாவையும் மானையும் வளைத்து நிற்கும் காட்சி அதில் உள்ளது. போர்க்களக் கல்லில் வீழ்ந்த பகைவரைக் கழுகும் அரிமாவும் உண்கின்றன. பரப்பெங்கும் இவ்வாறு உருவம் நிறைந்திருக்க, நடுவே மட்டும் ஒரு வட்டம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. அவ்வட்டமே மையரைக்கும் இடம்.

இவ்வகையில் முடிமணியாய் விளங்குவது நார்மர் கல். 1898ஆம் ஆண்டு, ஹைராகான்போலிஸ் என்னும் பழநகரில் ஹோரஸ் கோயிலிருந்த இடத்தில் குவிபெல்லும் கிரீனும் இதனைக் கண்டெடுத்தனர்; இன்று எகிப்து நாட்டிலேயே உள்ளது. உயரம் ஏறத்தாழ 64 செ.மீ. இருபுறத்தும் உச்சியில் ஆவின் காதும் கொம்பும் உடைய தெய்வமுகங்கள்; அவற்றின் நடுவே கெளிற்றுமீனும் உளியும் ஆகிய இரு குறிகளால் 'நார்மர்' என மன்னன் பெயர். ஒருபுறத்தில், மேல் எகிப்தின் வெண்முடி சூடிய மன்னன் மண்டியிட்ட பகைவனின் முடியைப் பற்றித் தண்டாயுதத்தை ஓங்குகிறான். மறுபுறத்தில், கீழ் எகிப்தின் செம்முடி சூடி, கொடிகள் முன்செல்ல, தலையறுந்த 10 உடல்கள் கிடத்தப்பட்ட இடத்தைப் பார்வையிடுகிறான். இருபுறத்தும் காலணி தாங்குவோன் ஒருவன் மன்னன்பின் நிற்கிறான். செம்முடிப் புறத்தின் நடுவில், நெடுங்கழுத்துடைய இரு விலங்குகள் கழுத்தோடு கழுத்துப் பின்னி நிற்கின்றன. அக்கழுத்துகளின் வளைவினுள் அமைந்ததே பழைய வட்டம்.

இக்கல்லை விளக்குவோர் இரு முடிகளையும், அடிபட்ட பகைவனையும், நாடு ஒன்றான வரலாற்றையும் விரித்துரைப்பர். வட்டத்தைப் பற்றி ஒரு தொடர் எழுதி நிறுத்துவர். எம் கருத்தில், ஏனைய உருவங்களுக்கு இடமளித்ததே அவ்வட்டம். மன்னன் தன் வெற்றியைப் பொறிக்கத் தூணையோ சுவரையோ தேடவில்லை; மக்கள் பலநூறு தலைமுறை... அல்ல, ஆயிரம் ஆண்டாகக் கண்ணுக்கு மையரைத்து வந்த கல்லையே தேர்ந்தான். அக்கல்லுக்கு ஏற்கெனவே ஒரு பெருமதிப்பு இருந்ததனாலேயே அத்தேர்வு நிகழ்ந்தது. கோயிலிலே தெய்வ உருவுக்கு மையிடுதற்கு இது உதவியிருக்கலாம் என்பர் சிலர். மன்னன் கோயிலுக்கு அளித்த காணிக்கை மட்டுமே என்பர் சிலர். இரண்டில் எதைக் கொண்டாலும், அரைக்கும் வட்டத்தை விட்டுவிடச் சிற்பிக்கு மனம் வரவில்லை என்பது தெளிவு. இரு கொடுவிலங்குகளைக் கயிற்றால் பிணித்து இருவர் அடக்கி நிற்கும் காட்சியை அவ்வட்டத்துக்கு வேலியாக அவன் அமைத்தான்.

பெரும்பலகைகள் கோயிலில் எழுந்த அதே காலத்தில் மக்களுடைய புதைகுழிகளில் மையரைகல் அருகி வந்தது. முதலாம் அரசமரபின் காலத்துக்குப்பின் அது அடக்கப்பொருளாக வைக்கப்படுதல் ஏறக்குறைய நின்றுவிட்டது. மையிடும் வழக்கம் நின்றதாகக் கொள்ளுதற்கு இடமில்லை. லூவரிலுள்ள செபா, நெசா என்னும் மூன்றாம் அரசமரபுக் கால உருவங்களின் கண்ணடியில் பச்சை மைக்கோடு இன்றும் தெரிகிறது. பழைய அரசுக் காலத்துப் படையற் பட்டியல்களில் பச்சை மைப்பை ஒன்றும் கரிய மைப்பை ஒன்றும் தவறாது எண்ணப்படுகின்றன. நின்றது கல்லே. கல் எங்குச் சென்றது என வினவின், அரசனிடம் என்பதே விடை. வாதி ஹம்மாமாத்துக் கல் அரண்மனைக் கலங்களுக்கும் மன்னர் உருவங்களுக்கும் உரியதாயிற்று. இரண்டாம் அரசமரபின் இறுதி மன்னனாகிய காசெகெமின் அமர்ந்த உருவம் ஒன்று இக்கல்லால் ஆயது. அதுவும் ஹைராகான்போலிசில் கிடைத்ததே. கீசாவில் மென்காவுரே மன்னனின் பள்ளத்தாக்குக் கோயிலிலிருந்து 1908இல் ரைஸ்னர் அகழ்ந்தெடுத்த மும்மூன்று உருவத் தொகுதிகளும் இக்கல்லினவே. மன்னனுக்கு இருமருங்கும் தெய்வங்கள் நிற்கும் அத்தொகுதிகளின் கரும்பச்சைப் பரப்பு, பதாரிக் குழிகளிற் கிடைத்த சிறு பலகைகளின் பரப்பைப் போன்றே வழவழப்பாகத் தேய்க்கப்பட்டுள்ளது.